ஒலிம்பிக்குக்கு நம்ம டீமை அனுப்புறது யாரு?

ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்திய அணி மூவர்ணக் கொடியோடு நடந்து வரும்போது, "இவங்களை அனுப்பினது யாரு?" என்று ஹாஸ்டல் டிவி ரூமில் கேட்டுப் பாருங்கள். "கவர்மென்ட்தான்" என்று பதில் வரும். இல்லை. அனுப்பியது ஒரு சங்கம். சட்டத்தின் கண்ணில் அது 1860-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவான ஒரு தனியார் சங்கம். பதிவு என்ற அளவில் உங்கள் ஏரியா குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பெயர் இந்திய ஒலிம்பிக் சங்கம், சுருக்கமாக ஐ.ஓ.ஏ. டெல்லியில் ஒலிம்பிக் பவன் என்ற கட்டடத்தில் இயங்குகிறது.

பிரதமரே நினைத்தாலும் ஒரு வீரரின் பெயரை நேரடியாக ஒலிம்பிக் போட்டிப் பட்டியலில் சேர்க்க முடியாது. அந்தப் பெயரை அனுப்பும் உரிமை உலகத்தில் ஒரே ஓர் அமைப்புக்குத்தான் உண்டு. அது அந்தந்த நாட்டின் தேசிய ஒலிம்பிக் கமிட்டி. உலகம் முழுக்க இப்படி 206 கமிட்டிகள் இருக்கின்றன. இந்தியாவுக்கு ஐ.ஓ.ஏ.

கிரிக்கெட் ரசிகர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருது இல்லையா? நம்ம கிரிக்கெட் வாரியம் எவ்வளவு பணக்கார அமைப்பாக இருந்தாலும் சரி, அந்த டீமின் பெயர்ப் பட்டியல் ஐ.ஓ.ஏ. வழியாகத்தான் போயாக வேண்டும்.

இரண்டு பக்கமும் கட்டுப்பட்ட அமைப்பு

இந்த விஷயம் புரிய நம்ம காலேஜையே உதாரணமாக எடுத்துக்கலாம். காலேஜை நடத்துவது ஒரு அறக்கட்டளை. அது நாட்டுச் சட்டப்படி பதிவானது, நாட்டுக் கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டது. ஆனால் டிகிரி கொடுப்பது பல்கலைக்கழகம். அஃபிலியேஷன் போய்விட்டால் கட்டடம் இருக்கும், லேப் இருக்கும், பஸ் ஓடும். டிகிரிக்கு மட்டும் மதிப்பு இருக்காது. அடி வாங்குவது மேனேஜ்மென்ட் இல்லை, ஃபைனல் இயர் பையன்.

ஐ.ஓ.ஏ.வின் நிலையும் அதேதான். ஒரு பக்கம் இந்தியச் சட்டம், இந்திய நீதிமன்றம், விளையாட்டு அமைச்சகம். இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உட்கார்ந்திருக்கும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, அதாவது ஐ.ஓ.சி. பியேர் தெ கூபர்த்தான் என்ற பிரெஞ்சுக்காரர் 1894-இல் பாரிஸில் தொடங்கிய அமைப்பு. அதனிடம் போலீஸ் கிடையாது, ராணுவம் கிடையாது. ஆனால் அங்கீகாரம் என்ற ஒரே ஒரு ஸ்விட்ச் அதன் கையில் இருக்கிறது. அதை ஆஃப் பண்ணினால் ஒரு நாடே ஒலிம்பிக் வரைபடத்திலிருந்து காணாமல் போகும்.

ஐ.ஓ.சி.யின் அரசியலமைப்புக்கு ஒலிம்பிக் சாசனம் என்று பெயர். அதில் 27, 28-ஆம் விதிகள்தான் தேசிய கமிட்டிகளைப் பற்றியவை. நம்ம சிலபஸில் இருக்கும் எத்தனையோ யூனிட்களைவிட இந்த இரண்டு விதிகளும் சுவாரசியமானவை. சாசனம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம். சாரம் இதுதான்.

கமிட்டிக்குள் மூன்று தரப்பினர் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த நாட்டைச் சேர்ந்த ஐ.ஓ.சி. உறுப்பினர் யாராவது இருந்தால் அவர். ஒலிம்பிக்கில் உள்ள ஒவ்வொரு விளையாட்டின் தேசிய சம்மேளனமும். பிறகு, வீரர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். வீரர் என்றால் எப்போதோ ஆடிய தாத்தா அல்ல. ஒலிம்பிக்கில் ஆடியவராக இருக்க வேண்டும், கடைசியாக ஆடிய போட்டியிலிருந்து மூன்றாவது ஒலிம்பியாட் முடிவதற்குள் அந்தப் பதவியை விட்டு இறங்கிவிட வேண்டும். சுமார் 12 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓட்டுக் கணக்கு. உள்ளே யார் வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் ஓட்டில் பெரும்பான்மை ஒலிம்பிக் விளையாட்டுகளின் சம்மேளனங்களிடம்தான் இருக்க வேண்டும். பொதுக்குழுவுக்கும் இதே விதி, நிர்வாகக் குழுவுக்கும் இதே விதி. ஒரு விளையாட்டுக்கு ஒரு சம்மேளனத்தைத்தான் அங்கீகரிக்க முடியும். நம்ம ஊரில் ஒரே விளையாட்டுக்கு இரண்டு சங்கம், இரண்டு செயலாளர், இரண்டு லெட்டர்பேடு என்று அடித்துக்கொள்வதன் காரணம் புரிகிறதா? அங்கீகாரம் ஒன்றுதான், அது கிடைத்தவருக்கே ஓட்டு.

இன்னொரு விதி, பின்னால் பெரிய சண்டைக்கெல்லாம் வேராக இருந்தது: அரசாங்கம் கமிட்டிக்கு யாரையும் நியமிக்கக் கூடாது. கமிட்டி தானாக விரும்பி ஓர் அரசுப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தால் அது வேறு. அரசியல், சட்டம், மதம், பணம் என எந்த அழுத்தத்துக்கும் கமிட்டி வளையக் கூடாது என்கிறது சாசனம். "சட்ட அழுத்தம்" என்பதைக் கவனியுங்கள். சொந்த நாட்டுச் சட்டத்தையே எதிர்த்து நிற்கச் சொல்கிற மாதிரி இருக்கும் வரி அது.

அரண்மனையில் வளர்ந்த சங்கம்

1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்திய அணி போனதே டோராப்ஜி டாடாவின் முயற்சியாலும் பணத்தாலும்தான். ஐ.ஓ.ஏ. முறையாக அமைந்தது 1927-இல். டாடா தலைவர், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரன் செயலாளர். ஒய்.எம்.சி.ஏ.வுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி பக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு சென்றவர். நந்தனம் பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்த மைதானத்தைப் பார்த்திருப்பீர்கள்.

டாடாவுக்குப் பிறகு பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைவரானார், 1928-இல். 1938-இல் அவருடைய மகன் யாதவிந்திர சிங். 1960-இல் இன்னொரு மகன் பலிந்திர சிங், 1975 வரை. அப்பாவும் இரண்டு பிள்ளைகளுமாகச் சேர்ந்து 47 வருஷம்! பலிந்திர சிங் 1980-இல் மறுபடியும் வந்து நாலு வருஷம் இருந்தார். அவருடைய மகன் ரந்தீர் சிங் 1987 முதல் 2012 வரை பொதுச்செயலாளர். இவர்கள் விளையாட்டுக்குச் செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. மகாராஜாக்களின் பணம் இல்லாவிட்டால் அன்று பல அணிகள் கப்பலே ஏறியிருக்காது. ஆனால் பதவிக்காலத்துக்கு வரம்பு இல்லாத ஒரு சங்கம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

நம்ம பக்கத்து ஆட்களும் உண்டு. தினத்தந்தி சிவந்தி ஆதித்தன் 1987 முதல் 1996 வரை தலைவர். அவருக்குப் பிறகு சுரேஷ் கல்மாடி, 2011 வரை. 2014-இல் சென்னையைச் சேர்ந்த என்.ராமச்சந்திரன். அவர் எந்தச் சூழ்நிலையில் வந்தார் என்பதுதான் அடுத்த கதை.

கொடி இல்லாத மூன்று பேர்

2010 டெல்லி காமன்வெல்த் போட்டி ஊழல் குற்றச்சாட்டுகளில் சங்கத்தின் பெயர் நாறியது. விளையாட்டுச் சங்கங்களைக் கட்டுக்குள் கொண்டுவர மத்திய அரசு 2011-இல் தேசிய விளையாட்டு மேம்பாட்டு விதித்தொகுப்பு கொண்டுவந்தது: 70 வயதுக்கு மேல் பதவி கூடாது, தலைவர் அதிகபட்சம் 12 ஆண்டுகள், இப்படி. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? 2012 டிசம்பரில் ஐ.ஓ.ஏ. தேர்தலை அந்த விதிகளின்படி நடத்தச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். ஐ.ஓ.சி.யோ, "ஒலிம்பிக் சாசனப்படி நடத்து, அரசாங்க விதிப்படி நடத்தாதே" என்றது. சங்கம் நடுவில் மாட்டிக்கொண்டது. பாவம் என்று சொல்ல மனசு வரவில்லை, ஏனென்றால் பொதுச்செயலாளர் பதவிக்கு அது முன்னிறுத்திய வேட்பாளர் காமன்வெல்த் வழக்கில் சிறை சென்று வந்தவர்.

டிசம்பர் 4 அன்று ஐ.ஓ.சி. சங்கத்தை இடைநீக்கம் செய்தது. மறுநாளே இங்கே தேர்தலை நடத்தி முடித்தார்கள், ஐ.ஓ.சி. அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஒரு வருஷம் இழுபறி. குற்றப்பத்திரிகை தாக்கலானவர்கள் தேர்தலில் நிற்கக் கூடாது என்று சங்கத்தின் விதியை மாற்று என்பது ஐ.ஓ.சி.யின் முக்கிய நிபந்தனை. 2013 டிசம்பரில்தான் பொதுக்குழு அதற்கு இணங்கியது. புதுத் தேர்தலுக்கு 2014 பிப்ரவரி 9 என்று நாள் குறித்தார்கள். சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடங்குவதோ பிப்ரவரி 7. இரண்டு நாள் முன்னால் வைத்திருந்தால் என்ன என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே கேள்விதான்.

பிப்ரவரி 7 அன்று சோச்சியில் சிவ கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் மூவரும் ஐந்து வளையம் போட்ட ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். இந்தியர்கள் என்று அல்ல, "சுதந்திர ஒலிம்பிக் பங்கேற்பாளர்கள்" என்று. கேசவனுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக். லூஜ் என்பது பனிச் சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்து, மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஐஸ் பாதையில் இறங்கும் விளையாட்டு. அவருடைய போட்டி பிப்ரவரி 8, 9. கடைசி ஓட்டத்தை முடித்து 37-ஆவது இடம் பிடித்த அதே 9-ஆம் தேதிதான் டெல்லியில் ஓட்டுப் பெட்டி திறந்தது, ராமச்சந்திரன் தலைவரானார். 11-ஆம் தேதி ஐ.ஓ.சி. இடைநீக்கத்தை நீக்கியது. ஒலிம்பிக் கிராமத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. மற்ற இருவரும் இந்தியர்களாகப் போட்டியிட்டார்கள், நிறைவு விழாவில் கொடியும் வந்தது. கேசவன் ஆடி முடித்தது மட்டும் நாடு இல்லாதவராகத்தான்.

இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி, உக்ரைனுக்குச் சொந்தமான பகுதிகளின் விளையாட்டு அமைப்புகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதால் 2023 அக்டோபரில் இடைநீக்கம் செய்யப்பட்டது. ஒரு கமிட்டியின் எல்லை எது என்பதும் அங்கீகாரத்துக்கு உட்பட்டதுதான்.

2022: மறுபடியும் கத்தி முனையில்

பாடம் கற்றுக்கொண்டார்களா என்றால், பாதி. 2022-இல் தலைவராக இருந்த நரிந்தர் பத்ரா நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் பதவி இழந்தார். ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் சங்கத்தை நடத்த மூன்று பேர் கொண்ட நிர்வாகிகள் குழுவை நியமித்தது. வெளியிலிருந்து வரும் எந்த நியமனமும் ஐ.ஓ.சி.க்கு அலர்ஜி. உச்ச நீதிமன்றம் உடனே அதை நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் ஐ.ஓ.சி.யிடமிருந்து இறுதி எச்சரிக்கை: டிசம்பருக்குள் தேர்தல், இல்லாவிட்டால் இடைநீக்கம்.

இந்த முறை உச்ச நீதிமன்றம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது என்று நினைக்கிறேன். சங்கத்தை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி எல்.நாகேஸ்வர ராவை, விதிகளைத் திருத்தவும் வாக்காளர் பட்டியல் தயாரிக்கவும் மட்டும் நியமித்தது. அவர் ஐ.ஓ.சி.யோடும் பேசியே வேலை செய்தார். நவம்பரில் சங்கத்தின் பொதுக்குழு புது விதிகளை ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 10 அன்று பி.டி.உஷா போட்டியின்றித் தலைவரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்.

அந்தப் புது விதிகள் சங்கத்தின் உள் அமைப்பையே மாற்றின. முன்பு மாநில ஒலிம்பிக் சங்கங்களுக்கும் ஓட்டு இருந்தது. தேர்தல் என்றாலே மாநிலவாரி பேரம்தான். அவற்றின் ஓட்டுரிமை போனது. ஒவ்வொரு தேசிய சம்மேளனமும் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு பிரதிநிதிகளை அனுப்ப வேண்டும் என்று வந்தது. அதனால் வாக்காளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சரிபாதி. வீரர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு பத்துப் பேர் கொண்ட வீரர்கள் ஆணையத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மேரி கோம் தலைவர், நம்ம சென்னை டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் துணைத் தலைவர். வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியும் அதில் உண்டு. இதைத் தவிர "சிறப்புத் தகுதி பெற்ற வீரர்கள்" என்று ஓய்வு பெற்றவர்களிலிருந்து எட்டுப் பேர், நாலு ஆண், நாலு பெண். உஷா உள்ளே வந்தது அந்த வழியில்தான்.

இவற்றுக்கு மேல் நிர்வாகக் குழு. தலைவர், மூத்த துணைத் தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், பொருளாளர், இரண்டு இணைச் செயலாளர்கள், வீரர்கள் ஆணையத்திலிருந்து இருவர், மற்ற உறுப்பினர்கள். பொதுச்செயலாளர் என்ற பதவியைக் காணோமே என்று கவனித்தீர்களா? அதை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு காலமும் சங்கத்தின் உண்மையான சாவி அந்தப் பதவியிடம்தான் இருந்தது. அதற்குப் பதில் சம்பளம் வாங்கும் தலைமைச் செயல் அதிகாரி. குழுவில் உட்காருவார், ஓட்டுக் கிடையாது. கம்பெனி மாதிரி: கொள்கை முடிவு போர்டுக்கு, அன்றாட வேலை சி.இ.ஓ.வுக்கு.

பேப்பரில் அழகான டிசைன். லோடு கொடுத்துப் பார்த்தபோதுதான் விரிசல் தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பதவிக்கு ஆளே போடவில்லை. இணைச் செயலாளர் கல்யாண் சௌபே தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார். 2024 ஜனவரியில் ரகுராம் ஐயரின் நியமனத்தை உஷா அறிவித்தார். நிர்வாகக் குழுவில் பெரும்பாலானோர், "சம்பளம் அதிகம், நாங்க ஒப்புதல் தரலை" என்றார்கள். தலைவர் ஒரு பக்கம், குழு ஒரு பக்கம். சங்கத்தில் யாருடைய கையெழுத்து செல்லும் என்பதே சந்தேகமானது. 2024 அக்டோபரில் ஐ.ஓ.சி., இந்தச் சண்டை தீரும் வரை ஐ.ஓ.ஏ.வுக்கு வளர்ச்சி நிதி கிடையாது, வீரர்களுக்கான உதவித்தொகையை மட்டும் நேரடியாக வீரர்களிடமே தருகிறோம் என்று எழுதியது. 2025 ஜூலையில்தான் குழு அந்த நியமனத்தை ஏற்றுக்கொண்டது.

பணம் எந்தப் பைப்பில் வருது?

மேலே சொன்ன நிதியின் பெயர் ஒலிம்பிக் சாலிடாரிட்டி. ஒலிம்பிக் ஒளிபரப்பு உரிமையை விற்பதில் ஐ.ஓ.சி.க்கு வரும் பணத்தில் தேசிய கமிட்டிகளுக்கான பங்கு அது. மீதி வருமானம் ஸ்பான்சர்களிடமிருந்து. இதிலும் சிக்கல் வரும்: 2021-இல் டோக்கியோவுக்குச் சில வாரம் முன்னால் சீன நிறுவனமான லி நிங்கின் ஒப்பந்தத்தை ஐ.ஓ.ஏ. கைவிட்டது, நம்மவர்கள் பிராண்டு பெயர் இல்லாத உடையோடு ஆடினார்கள்.

ஆனால் வீரரின் பயிற்சி, கோச், வெளிநாட்டு முகாம் ஆகியவற்றுக்கான பெரும் செலவு மத்திய அரசுடையது. விளையாட்டு அமைச்சகம், அதன் கீழ் 1984-இல் தொடங்கிய சாய், 2014-இல் வந்த டாப்ஸ் திட்டம் என அந்தப் பைப்பே தனி. ஆக ஒரு வீரரைத் தேர்வு செய்வது சம்மேளனம், செலவு செய்வது அரசு, பெயர் கொடுத்து அழைத்துப் போவது ஐ.ஓ.ஏ. பதக்கம் வந்தால் மூன்று பேரும் போட்டோவில் நிற்பார்கள். வராவிட்டால் யாரைக் கேட்பது என்றே தெரியாது.

போட்டி நடக்கும் இடத்தில் அணிக்கு ஒரு பொறுப்பாளரை ஐ.ஓ.ஏ. நியமிக்கும். செஃப் தெ மிஷன் என்பார்கள். அறை ஒதுக்கீடு, அடையாள அட்டை, புகார், முறையீடு எல்லாம் அவர் தலையில். 2024 பாரிஸுக்கு முதலில் மேரி கோம், அவர் விலகியதும் துப்பாக்கி சுடும் ககன் நாரங். தொடக்க விழாவில் சிந்துவோடு கொடி பிடித்தவர் சரத் கமல்.

புதுச் சட்டம்

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2011 விதித்தொகுப்பு வெறும் நிர்வாக உத்தரவு. இது முழுச் சட்டம். சம்மேளனங்களை அங்கீகரிக்க ஒரு தேசிய வாரியம், தகராறுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம், தேர்தலை மேற்பார்வையிட ஒரு குழு. நிர்வாகக் குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது, அதில் குறைந்தது நாலு பெண்கள். தீர்ப்பாயத்துக்கு மேல் உச்ச நீதிமன்றம்தான், ஆகவே ஒவ்வொரு சங்கச் சண்டையும் ஊர் ஊராகக் கோர்ட் ஏறுவது குறையலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசுப் பணம் வாங்கும் அமைப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. நாட்டின் பெயரையும் கொடியையும் போட்டு ஆடுகிற எல்லா அமைப்பும் கேள்விக்குப் பதில் சொல்லட்டுமே.

வாரியத்தை அமைப்பது அரசாங்கம். அரசாங்கம் கமிட்டிக்குள் ஆள் போடக் கூடாது என்பது சாசனம். வாரியம் வெளியே நின்று மேற்பார்வை பார்க்கும் வரை உரசல் இருக்காது. எப்போதாவது உள்ளே கை நீட்டினால் 2012 மாதிரி ஒரு கடிதம் லோசானிலிருந்து வரும்.

2036 ஒலிம்பிக்கை இந்தியாவில் நடத்த விரும்புகிறோம் என்ற விருப்பக் கடிதம் 2024 அக்டோபர் 1 அன்று ஐ.ஓ.சி.க்குப் போனது. அதை அனுப்பியதும் அரசாங்கம் அல்ல, ஐ.ஓ.ஏ.தான். ஐ.ஓ.சி. நம்ம சங்கத்துக்கு நிதியை நிறுத்தியதும் அதே மாதம். உஷாவின் குழுவுக்கு நாலு வருஷப் பதவிக்காலம். 2022 டிசம்பரிலிருந்து எண்ணினால் அடுத்த தேர்தல் 2026 கடைசியில் வர வேண்டும்.